சிவப்பு மையும் சுழித்த கொம்பும்
(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய வேத நூல்களின் எழுத்தும் அலங்காரமும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஜூபிலி விழாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு உண்டு. ஜூபிலி வந்தால் கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம், வீட்டுக்கும் வெள்ளையடிக்கிறோம். அலமாரிகளை ஒழிக்கிறோம். அப்படி ஒழிக்கும்போது முதலில் வெளியே போவது எது? அட்டை பிய்ந்து, தாள் பழுத்து, செல்லரித்துக் கிடக்கும் பாட்டனார் காலத்துச் செபப் புத்தகந்தான். பழைய பேப்பர்காரருக்கு அது எடைக்கு எடை. அது போய்விடும் முன்பு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலினால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் பீடத்தின்மேல் இருக்கும் பூசைப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு நிறம் உண்டு. கறுப்பில் இருப்பதைக் குரு வாயால் சொல்ல வேண்டும். சிவப்பில் இருப்பதைச் சொல்லக் கூடாது, செய்ய வேண்டும்: கைகளை விரி, தலைவணங்கு, சிலுவை அடையாளம் வரை என்பன போன்ற கட்டளைகள் அவை. அந்தச் சிவப்பு கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அழகுக்காக மட்டும் வந்ததல்ல அது. வேலை செய்வதற்காக வந்தது. அச்சு இயந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மடங்களில் துறவிகள் தோலில் வேதாகமத்தைப் படியெடுத்தபோது தொடக்க எழுத்தைப் பெரிதாக எழுதிச் சிவப்பும் நீலமும் பொன்னும் தீட்டினார்கள். அக்காலத்து நூல்களில் வாக்கியம் எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்வது எளிதன்று. அந்தப் பெரிய எழுத்துதான் வழிகாட்டி. கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில் எழுதப்பட்ட கெல்ஸ் நற்செய்தி நூலில் ஒரு பக்கம் முழுவதையும் ஒன்றிரண்டு எழுத்துகளே பின்னலும் கொடியுமாக நிறைத்துக்கொண்டிருப்பதைப் படத்திலாவது சிலர் பார்த்திருப்பீர்கள்.

1455-ஐ ஒட்டி ஜெர்மனியில் குட்டன்பர்க் வேதாகமத்தை அச்சிட்டபோதும் இந்தச் சிவப்பை விட மனமில்லை. சில பக்கங்களில் சிவப்பையும் இயந்திரத்திலேயே அச்சிட்டுப் பார்த்தார். ஒரே தாளை இரண்டு முறை அழுத்த வேண்டும். இரண்டாம் முறை மயிரிழை விலகினாலும் வரி கோணும். அதனால் அந்த முயற்சியை நிறுத்தி, இடத்தை வெற்றாக விட்டுவிட்டார். வாங்கியவர்கள் எழுத்தரைக் கொண்டு கையால் சிவப்புத் தீட்டிக்கொண்டார்கள். ஆகவே சிவப்பு என்றால் செலவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

நம் முன்னோருக்கு ஏடு என்றால் பனையோலை. அதில் பொன்னும் இல்லை, நீலமும் இல்லை. எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் கரி நின்று எழுத்து தெரியும். அவ்வளவுதான். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் இடத்தில் நம்மவர் சிலுவை வரைந்தார்கள். பின்னாளில் கடிதத் தலைப்பில் சேசு, மரி, சூசை என்று எழுதினார்களே, அதே எண்ணந்தான். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் கூறுவர். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். மாதா என்று எழுதினால் பார்ப்பதற்கு மரதர என்று இருக்கும்! மெய் என்பதும் மேய் என்பதும் ஓலையில் ஒன்றுதான். இறைவனின் மெய்யைப் பற்றிப் படிக்கிறோமா, ஆடு மேய்வதைப் பற்றிப் படிக்கிறோமா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் அதை எப்படிப் படித்தார்கள்? செபம் முன்னமே மனப்பாடமாக இருந்தவருக்குத்தான் அந்த ஏடு பேசும். உபதேசியார் நெஞ்சில் செபம் இருந்தது. ஏடு அவருக்கு ஞாபகக் குறிப்பு. புதிதாக வேதத்தில் சேர்ந்த ஒருவர் தாமே தனியாக உட்கார்ந்து படிப்பது கடினம். நூலுக்கும் மக்களுக்கும் இடையே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. இந்தக் கஷ்டம் தீர்வதற்கு எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதே நான் சொல்ல வந்த கதை.

1554-ம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு சின்ன ஞானோபதேச நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை ரோமானிய எழுத்தில் போட்டு, போர்த்துகீசிய மொழியிலும் பொருள் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தயாரித்தவர்கள் நம் நாட்டிலிருந்து அங்கே போய்ப் படித்த மூவர்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா குரூஸ். பெயர் போர்த்துகீசியம், நாக்கு தமிழ். அந்த நூலில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு மைகள். ஐரோப்பாவின் பூசைப் புத்தக மரபு தமிழ்ச் செபத்துக்கு வந்து சேர்ந்தது இங்கேதான். செலவைப் பார்க்காமல் தமிழுக்கும் சிவப்பு மை கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு நெஞ்சைத் தொடும் செய்தி. ஆனால் தமிழ் எழுத்து இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அதைக் கையில் எடுத்தால் ஓர் எழுத்தும் புரியாது.

தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்க வேண்டும் என்று அலைந்தவர் அண்டிரிக்கிப் பாதிரியார் என்று நம் மக்கள் அழைத்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார். தூத்துக்குடி, புன்னைக்காயல் முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் உழைத்த சேசு சபைக் குரு. இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரசரிடமிருந்து அல்ல. கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவர் 400 குருசாது நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சடக்கிச் சம்பாதித்த காசு, எழுத்தாக மாறியது. கடற்கரை மக்களாகிய நாம் இதை மறக்கலாமா?

1577-ல் கோவாவில் யோவான் கொன்சால்வஸ் என்ற சகோதரர் எழுத்துகளைச் செய்தார். அவை அவ்வளவு திருத்தமாக இல்லை. அடுத்த ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியா என்ற குரு மேலும் நல்ல எழுத்துகளை உருவாக்கினார். 1578 அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. 16 பக்கங்கள், கைக்கு அடக்கமான அளவு, தாள் சீனத்திலிருந்து வந்தது. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மூத்தது இதுவே. அதன் கடைசிப் பக்கத்தைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். கோவாவில் 1577-ல் செய்த எழுத்து, கொல்லத்தில் 1578-ல் செய்த எழுத்து என்று இரண்டையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பொற்கொல்லர் தம் வேலையைத் தட்டில் வைத்துக் காட்டுவதுபோல. செபப் புத்தகத்தின் முடிவில் எழுத்துக்கே ஒரு பக்கம்! மறு ஆண்டு, 1579 நவம்பர் 14-ல், கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் 120 பக்கத்தில் வந்தது. 1586-ல் புனிதர் வரலாறான பிளோஸ் சாங்க்தோரும் 600 பக்கங்களுக்கு மேல் வந்தது.

ஆனால் எழுத்துகளை அமைத்தவர்கள் ஓலையைப் பார்த்தே அமைத்தார்கள். ஓலையில் புள்ளி இல்லை, ஈயத்திலும் புள்ளி இல்லை. ஓலையில் ஒரே கொம்பு, ஈயத்திலும் ஒரே கொம்பு. தாள் வந்தது, மை வந்தது, இயந்திரம் வந்தது. படிக்கும் கஷ்டம் மட்டும் அப்படியே இருந்தது. தாளில் புள்ளி வைத்தால் கிழியாதே என்று யாருக்கும் தோன்றவில்லையா என நாம் கேட்கலாம். பழகிய கைக்கும் பழகிய கண்ணுக்கும் மாற்றம் எளிதில் வராது. நம் வீட்டுப் பெரியவர்களைச் சேசு என்பதை விட்டு இயேசு என்று சொல்ல வைப்பதற்கு எத்தனை வருடம் ஆயிற்று?

அடுத்து நம் பக்கத்து ஊருக்கு வருவோம். இங்கிருந்து வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு, அதற்கப்பால் தரங்கம்பாடி. பேருந்தில் அரை மணி நேரப் பயணம். டேனிஷ்காரர்களின் அந்த ஊரில் 1706 ஜூலை 9-ல் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கினார். அவர் லுத்தரன் சபையினர், நாம் கத்தோலிக்கர். அந்நாளில் இரு சாராருக்கும் இடையே நடந்த வாதங்கள் சூடானவை. எனினும் அச்சுத் தொழிலில் அவர்கள் செய்ததை மறைப்பது நியாயமன்று. இலண்டனிலிருந்து இயந்திரம் வந்தது. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-ல் வந்து சேர்ந்தன. தமிழே தெரியாதவர்கள் வெட்டிய எழுத்து. ஆகையால் மிகப் பெரியதாக அமைந்துவிட்டது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் வண்டி வண்டியாகத் தாள் வேண்டும். தாளோ கப்பலில் வர வேண்டும். ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பவர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? ஆங்கிலேய அன்பர்கள் அனுப்பிய பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கினார்கள் என்று அவர்கள் வரலாறு கூறுகிறது. 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. தாள் செய்வதற்கும் பொறையாற்றில் ஓர் ஆலை வைத்தார்கள். நாம் பேருந்தில் தினந்தோறும் கடந்து போகும் அதே பொறையாற்றில்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேதத்துக்குரிய தமிழ்ச் சொற்களைச் சீகன்பால்கு கற்றுக்கொண்டதில் நம் கத்தோலிக்கக் குருக்கள் எழுதிய ஏடுகளுக்கும் பங்கு உண்டு. கொடுத்தோம், வாங்கியும் கொண்டோம். வாங்கிக்கொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் வாழ்ந்த வீரமாமுனிவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவருடைய இலத்தீன்-தமிழ் இலக்கண நூல் 1738-ல் அச்சாயிற்று. எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், லுத்தரன் சபையாரின் அச்சகத்தில்! எவரோடு எழுத்திலே மல்லுக்கு நின்றாரோ, அவர்களே அவர் நூலின் தகுதியை உணர்ந்து அச்சிட்டார்கள். அவர்களுடைய பெருந்தன்மைக்கு ஒரு வணக்கம்.

எகர ஏகாரக் குழப்பத்துக்கு முடிவு கட்டிய பெருமை தமிழகத்தில் அவருக்கே உரியதாக வழங்குகிறது. பழைய இலக்கணம், குறில் எகர ஒகரத்தின்மேல் புள்ளி வை என்றது. ஓலையில் எழுதியவர்கள் அந்தப் புள்ளியை வைக்கவில்லை. முனிவர் குறிலை விட்டுவிட்டு நெடிலைப் பிடித்தார். கொம்பின் தலையை மேலே ஒரு சுழி சுழித்தால் நெடில், சுழிக்காவிட்டால் குறில். எழுத்தாணி பிடித்தவரும் எளிதாகப் போடலாம், ஓலையும் கிழியாது. ஒரு சின்னச் சுழி! இன்று தேவன் என்று எழுதும்போது தேகாரத்தின் முன்னே இரட்டைச் சுழியோடு நிற்கிறதே, அதுதான். போற்றி என்று எழுதினால் பொற்றி என்று யாரும் படிக்க மாட்டார்கள். உபதேசியார் பக்கத்தில் இல்லாவிட்டாலும், நேற்று எழுத்துக் கூட்டப் பழகிய சிறுமி படிக்கலாம். கெல்ஸ் நூலின் பொன் எழுத்தைவிட எனக்கு இந்தச் சுழி பெரிய அலங்காரமாகப் படுகிறது. உடனே எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். முனிவருக்குப் பின் நெடுங்காலம், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதி வரைகூட, பழைய ஒற்றைக் கொம்போடு நூல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

இனி நம் வீட்டு அலமாரி. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மறையாட்சியிலும் நாம் புதுவையைச் சேர்ந்தவர்கள். எனவே நம் பழைய செபப் புத்தகங்களில் புதுவை மிஷன் அச்சகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். 1840-களில் தொடங்கி நூல்களை வெளியிட்ட அச்சகம் அது. 1726-ல் முடிந்த தேம்பாவணி ஏடாகவும் கையெழுத்துப் பிரதியாகவும் 125 ஆண்டு கை மாறிக் கை மாறி வந்தபின், 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாக அச்சேறியது அங்கேதான். துய்ப்புயி அடிகளார் போன்றவர்கள் அங்கே உழைத்து அகராதிகளும் கொண்டுவந்தார்கள்.

பழைய செபப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். முதற் பக்கத்தில் சிலுவையோ, ஐ.எச்.எஸ். என்ற மூன்றெழுத்து முத்திரையோ இருக்கலாம். அந்த மூன்றும் ஆங்கில எழுத்து என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அவை கிரேக்க மொழியில் இயேசு என்ற திருப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள். நற்கருணைப் பேழையின் கதவிலும் பூசை உடுப்பிலும் காண்பது அதுவே. சிவப்பு மைக்கு வசதி இல்லாத அச்சுக்கோப்பவர், சிலுவைக் குறி போட்டு இங்கே சிலுவை அடையாளம் வரை என்றார். நட்சத்திரக் குறி போட்டு இங்கே நிறுத்து என்றார். அதிகார முடிவில் பூவோ கொடியோ வைத்து இங்கே மூச்சு வாங்கு என்றார். கூட்டமாகச் சொல்லும் செபத்தில் ஒருவர் சொல்ல வேண்டியதையும் எல்லாரும் பதில் சொல்ல வேண்டியதையும் எழுத்தின் அளவை மாற்றிப் பிரித்தார். கறுப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டே சிவப்பின் வேலையை வாங்கிவிட்டார்கள். இன்று நான்கு வர்ணத்தில் பளபளவென்று அச்சிடுகிறோம். பாட்டிமார் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் செபத்தைப் போட்டு, அட்டையில் மட்டும் அழகைக் கொட்டுகிறோம். இது எனக்குச் சம்மதமில்லை. விழா மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு இன்னொரு தடை உண்டு. லை, ணை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும். ணா, றா, னா என்பவையும் கால் இல்லாமல் சுழிந்து நிற்கும். 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பாடநூல்களில் அவை மறைந்தன. அதனால் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் புத்தகம் அந்நிய மொழிபோலத் தோன்றுகிறது. பயப்படவேண்டாம். அரை மணி நேரம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏழெட்டு எழுத்தும் வந்துவிடும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பிரான் வணக்கத்தின் ஒரே ஒரு பிரதிதான் இன்று இருப்பதாக அறியப்படுகிறது. அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பிளோஸ் சாங்க்தோருமின் பிரதி ஒன்று உரோமையில், வத்திக்கான் நூலகத்தில். அந்த எழுத்துக்குக் காசு கொடுத்த கடற்கரையில் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. கடல் கொண்டுபோனதா, கரையான் தின்றதா, படித்துப் படித்தே தேய்ந்ததா? மூன்றும் நடந்திருக்கலாம். 1960-களில் சேசு சபை இராஜமாணிக்கம் அடிகளார் பாடுபட்டு அந்த நூல்களைத் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்ட பிறகுதான் நாம் அவற்றைப் படிக்க முடிந்தது. நம் கரையும் 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைக் கண்ட கரை. வீடே போன குடும்பத்தில் செபப் புத்தகத்தை யார் தேடியிருப்பார்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இந்த மண்டபத்தில் மேசை போடப்படும். வீட்டில் உள்ள பழைய செபப் புத்தகம், ஞானோபதேசம், பாட்டுப் புத்தகம், ஓலை எதுவானாலும் கொண்டுவாருங்கள். யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை; பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். வருவதற்கு முன் கிழிந்த தாளைச் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அதன் பசை பழுத்துத் தாளையே தின்றுவிடும். வெயிலில் காய வைக்காதீர்கள். ஓலையைப் பிரித்துப் பார்க்க அவசரப்பட்டு வளைக்காதீர்கள், ஒடிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். உங்கள் பெயரைப் பால்பாயிண்ட் பேனாவால் புத்தகத்தில் எழுதாமல், தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள்.